வருடம் முழுக்கப் பருவப் பூக்கள் இருக்கும் என்று சொல்லப்படும் பூங்காவுக்கு எந்த மாதம் போவது நல்லது?

எந்த மாதம் போனாலும் பூ இருக்கும், அது உண்மைதான். ஆனால் நான் மாதத்தைவிட வாரத்தைத்தான் பார்ப்பேன்.

பருவப் பூச்செடிகள் பெரும்பாலும் நாற்றங்காலில் வளர்ந்து பாத்திக்கு வருபவை. விதை போட்டுப் பூ பார்க்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதனால் முன்பக்கம் ஒரு வகை பூத்துக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கம் அடுத்தது தொட்டிகளில் தயாராகிக்கொண்டிருக்கும். பழையதைப் பிடுங்கிப் புதியதை நட்ட வாரத்தில் போய் நின்றீர்களானால் ஈர மண்ணையும் விரல் உயர நாற்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "பாத்தி எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். "பூ இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்காவது ஒரு மூலையில் இருக்கத்தானே செய்யும்!

குறிப்பிட்ட பூ ஒன்றைப் பார்க்க ஆசை என்றால் கணக்கு வேறு. சாமந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பகல், இரவின் நீளத்தை வைத்துச் செடிகள் பூக்கும் காலம் அமைகிறது என்பதை 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளர்ப்பவர்களுக்கு இப்போது இது கைவந்த கலை. சாயங்காலமே கறுப்புத் துணியால் மூடிவைத்தால் சாமந்தி முன்கூட்டிப் பூக்கும். நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கு எரியவிட்டால் தள்ளிப்போகும். டூலிப்புக்கு வெளிச்சத்தைவிடக் குளிர் முக்கியம். அதன் கிழங்கு பல வாரம் நல்ல குளிரில் கிடந்தாக வேண்டும்.

மாதத்துக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் மணியை மறந்துவிடுகிறார்கள். எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-லேயே பட்டியல் போட்டு, அதற்குப் பூக்கடிகாரம் என்று பெயரும் வைத்தார். டேபிள் ரோஸ் வெயில் ஏறாமல் கண் திறக்காது. மார்னிங் குளோரி உச்சி வெயிலுக்குள் சுருண்டுவிடும். அந்திமந்தாரையைக் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் வெறும் செடிதான். படம் எடுக்க மேகமூட்டமான நாள் நல்லது. சுள்ளென்ற வெயிலில் சிவப்புப் பூவின் இதழ் மடிப்பெல்லாம் படத்தில் ஒரே திட்டாகிவிடும்.

தோட்டக்காரர் வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. பெட்டூனியா பாத்தியில் ஒருவர் குனிந்தபடி, வாடிய பூவை மட்டும் காம்போடு கிள்ளிக்கொண்டே நகர்வார். அப்படியே விட்டால் செடி விதை பிடிக்கப் போய்விடும், அடுத்த மொட்டு குறையும். அந்தச் செடியின் தண்டு பிசுபிசுக்கும். கொஞ்ச நேரத்தில் விரலெல்லாம் ஒட்ட ஆரம்பித்துவிடும். அவரிடம் பேச்சுக் கொடுங்கள். அடுத்து எந்தப் பாத்தி பூக்கப்போகிறது என்பதை அவரைப்போல யாரும் சொல்ல முடியாது. ஹைட்ரேஞ்சியா இருந்தால் மண்ணைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். பல ரகங்கள் அமில மண்ணில் நீலமாகவும், அமிலம் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். மண்ணிலிருக்கும் அலுமினியத்தைச் செடி எடுத்துக்கொள்ள முடிகிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

மயில், யானை என்று பூவால் உருவம் செய்து வைக்கும் கண்காட்சி நாட்களில் நான் போவதில்லை. கூட்டம் ஒரு காரணம். பறித்துச் செருகிய பூவைப் பார்க்கப் பூங்கா வரை போவானேன் என்பது இன்னொன்று.