வெள்ளை டைல்ஸ் சமையலறை கண்ணைக் கூசுகிறதா? முதலில் விளக்கை மாற்றுங்கள்

வெள்ளை டைல்ஸ், ஸ்டீல் மேடை, கூரையில் ஒரே ஒரு 6500 கெல்வின் ட்யூப்லைட், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். இரவில் உள்ளே போனாலே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, திரை போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரை ஓரளவு உதவும். ஆனால் பிரச்சினை விளக்கில்தான்.

கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாக, இதமாக இருக்கும்; 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள எல்இடி வாங்குங்கள். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவு) 90க்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் காய்கறியின் நிறமே செத்துப்போய்த் தெரியும். கூரை விளக்கு மட்டும் இருந்தால் நறுக்கும்போது உங்கள் நிழல் பலகையிலேயே விழும். அதனால் மேல் அலமாரிக்கு அடியில், முன்விளிம்பை ஒட்டி, பால்நிற மூடி போட்ட எல்இடி பட்டை ஒன்று வையுங்கள். மூடியில்லாத பட்டை ஸ்டீலில் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும், பார்க்கச் சகிக்காது.

அப்புறம் துணி. ஜன்னலுக்கு மெல்லிய பருத்தியோ லினனோ நல்லது. வெளிச்சத்தை மென்மையாக்கும், அடிக்கடி துவைக்கலாம். பாலியஸ்டர் சூட்டில் உருகும், அதை நான் சமையலறையில் சேர்ப்பதே இல்லை. ஜன்னல் அடுப்புக்குப் பக்கத்திலா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியென்றால் எந்தத் துணியும் வேண்டாம், பருத்தியும் தீப்பிடிக்கும். கண்ணாடியில் ஒட்டும் மங்கல் ஃபிலிம் போதும். தரைக்கு வழுக்காத அடிப்பாகம் உள்ள, துவைக்கக்கூடிய விரிப்பு போடுங்கள்; பாத்திரச் சத்தமும் கொஞ்சம் அடங்கும்.