பிராட்பேண்ட் விற்க வந்தவர் சொன்ன விலையைக் கம்பெனி மறுத்தால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து இணைப்பு விற்றவர் ஒரு விலை சொன்னார், பில் வேறு விலையில் வருகிறது, வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் அப்படி ஒரு ஆஃபரே இல்லை என்கிறார்கள், சொன்ன விலையை வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எங்கள் வீட்டில் வாங்கினோம். மூன்றரை மாதம் ஆனது, வழக்கறிஞர் வைக்கவில்லை, நீதிமன்றப் படி ஏறவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில், குடவாசல் பக்கம். நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். நெட் நின்றால் அன்றைய வேலை நின்றது என்று அர்த்தம். ஒரு ஜூன் மாதம், அப்பா குறுவைக்கு நாற்றங்கால் வேலையில் இருந்தபோது, ஃபைபர் இணைப்பு விற்கும் தம்பி ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நோட்டீஸின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் காட்டினார்: 499, வரி சேர்த்து 590, 12 மாதம். அப்பா சரி என்றார். போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னார். முடிந்தது. மறுநாள் அந்தத் தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில், "அக்கா ஆதார் காப்பி அனுப்புங்க, 12 மாசத்துக்கு 499 பிளான் போட்டுடுறேன்" என்று அனுப்பினார். அந்த ஒரு வரிதான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

மூன்று மாதம் 588 ரூபாய் 82 காசு வந்தது. 499க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் அதே கணக்கு. நான்காவது மாதம், செப்டம்பரில், 942 ரூபாய் 82 காசு. அதாவது 799 ரூபாய் பிளானும் அதற்கு வரியும். மாதம் 354 ரூபாய் கூடுதல். மீதி ஒன்பது மாதத்துக்குப் போட்டால் 3,186 ரூபாய். எங்கள் ஊரில் நடவுக்கு ஆள் வைப்பவர்களுக்கு அது என்ன தொகை என்று தெரியும்.

அப்பாவுக்குப் பணத்தைவிட அந்தச் சொல்தான் உறுத்தியது. "எதிரில் உட்கார்ந்து சொன்னானே" என்று நாலைந்து தடவை சொன்னார். எங்கள் தாத்தா கோயில் நிலத்தை வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்தவர். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இல் தனிச் சட்டமே வந்தது. எழுத்து இல்லாமல் பேச்சை மட்டும் நம்பியவர் கையில் ஒன்றும் நிற்காது என்பதை எங்கள் குடும்பம் நெல் வயலிலேயே பார்த்திருக்கிறது. அதனால் அப்பா அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்திருந்தார்.

நான் முதலில் செய்த தவறு, போனிலேயே வாதாடியது. ஐந்து முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், "மேடம், அது மூன்று மாத அறிமுகச் சலுகை, சிஸ்டத்தில் வேறு ஆஃபர் காட்டவில்லை" என்று முடியும். அந்தச் சலுகை உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கும் வரை அவர்கள் பக்கம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் சிஸ்டம் அவர்கள் கையில் இருக்கிறது. கேள்வியை மாற்றியபோதுதான் வழி திறந்தது. சலுகை உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறதா என்பது என் பிரச்சினை இல்லை. உங்கள் ஆள் என்னிடம் இந்த விலையைச் சொல்லி விற்றாரா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆவது பிரிவு, முகவர் தன் முதலாளிக்காகத் தொழில் செய்யும்போது சொன்ன பொய்த் தகவல், அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை முதலாளியே சொன்னதற்குச் சமம் என்கிறது. 237ஆவது பிரிவு இன்னும் நேரடி: முகவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று வெளியாள் நம்பும்படி முதலாளி நடந்துகொண்டால், முகவர் அதிகாரம் இல்லாமல் செய்ததும் முதலாளியைக் கட்டும். கம்பெனி சட்டை, கம்பெனி நோட்டீஸ், கம்பெனி அனுப்பிய ஓடிபி எல்லாவற்றோடும் ஒருவர் வீட்டுக்கு வந்தால் நாம் வேறென்ன நம்புவது?

இதற்கிடையில் அந்தத் தம்பியே கூப்பிட்டார். "டீம் லீடர் அப்படித்தான் சொல்லச் சொன்னார் அக்கா, என் பேரை எழுதிடாதீங்க, வேலை போயிடும்" என்றார். பக்கத்து ஊர்ப் பையன், இணைப்புக்கு இவ்வளவு என்று கமிஷனில் ஓடுகிறவர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. புகாரில் "உங்கள் பிரதிநிதி" என்று மட்டும் எழுதினேன், அவர் மேல் நடவடிக்கை எதுவும் நான் கேட்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். விற்கும்போது அவர் வாயால் பேசிய கம்பெனி, பில் போடும்போது அவரைத் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை. நீங்களும் முடிந்தவரை அப்படியே எழுதுங்கள்.

அக்டோபரில் மின்னஞ்சல் அனுப்பினேன். தேதி, வந்த நேரம், சொன்ன விலை, வந்த பில், வித்தியாசம், எனக்கு என்ன வேண்டும், இவ்வளவுதான் அதில் இருந்தது. நோட்டீஸின் இரண்டு பக்கப் படமும் வாட்ஸ்அப் செய்தியின் படமும் இணைத்தேன். புகார் எண் கேட்டு வாங்கினேன். தொலைத்தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ட்ராயின் 2012ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் அவர்கள் எண் தந்தே ஆக வேண்டும். எண் இல்லாத புகார் பதிவேட்டிலேயே இருக்காது, அதனால் எண் வராமல் போனை வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, அப்பா ஓடிபி கொடுத்த விண்ணப்பத்தின் நகல். வந்தது. அதில் பிளான் என்ற இடத்தில் ஒரு குறியீடு மட்டும் இருந்தது, விலையே இல்லை, மூன்று மாதம் என்ற பேச்சும் இல்லை. இரண்டாவது, இணைப்புக்கு முன் அவர்கள் ஆபீஸிலிருந்து வந்த சரிபார்ப்பு அழைப்பின் பதிவு. அந்த அழைப்பு வந்தபோது அப்பா வரப்பில் நின்றபடி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். "வருஷம் பூரா ஐநூத்தித் தொண்ணூறுதானேம்மா?" என்று அப்பா கேட்டார், அந்தப் பெண் "ஆமாம் சார்" என்றார். இதைத் தேதியோடு எழுதி, "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்தில் அறிவித்தீர்கள், அதைக் கேட்டுவிட்டுப் பதில் தாருங்கள்" என்றேன். பதிவை அவர்கள் கடைசி வரை எனக்குத் தரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பதில்களில் "அப்படி யாரும் சொல்லியிருக்க முடியாது" என்ற வாக்கியம் காணாமல் போனது.

அந்த மாதங்களில் பில்லைக் கட்டாமல் விடவில்லை. ஆப்பில் குறைத்துக் கட்ட வழியில்லை, கட்டாவிட்டால் இணைப்பு போகும், எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்ததும் அந்த ஒரு கம்பெனிதான். அதனால் முழுத் தொகையும் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், 354 ரூபாயைத் திரும்பக் கோருகிறேன்" என்று அதே புகார் எண்ணைப் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கட்டிவிட்டீர்களே, அப்படியானால் ஒப்புக்கொண்டீர்கள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

முதல் பதில் மறுப்புதான். அங்கே பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். அதே 2012 விதிகளில் இரண்டாம் படி இருக்கிறது: கம்பெனிக்குள்ளேயே இயங்கும் மேல்முறையீட்டு அதிகாரி. கட்டணம் கிடையாது. அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் கம்பெனி ஆள் ஒருவரும் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார்கள். 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முகவரி கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும், கொஞ்சம் தேட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் மேல்முறையீடு செய்தேன். ஒப்பந்தச் சட்டப் பிரிவுகளை அதில்தான் எழுதினேன், முதல் புகாரில் இல்லை. டிசம்பர் பாதியில் பதில் வந்தது: மீதி ஆறு மாதமும் 499 பிளான். ஏற்கெனவே மூன்று மாதம் கூடுதலாக வாங்கிய 1,062 ரூபாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மறுபடி எழுதிக் கேட்டபின் அடுத்த பில்லில் கழித்தார்கள். இணைப்புக் கட்டணம் இலவசம் என்றும் அந்தத் தம்பி சொல்லியிருந்தார், ஆனால் 500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அது எந்த எழுத்திலும் இல்லாததால் கிடைக்கவில்லை.

மேல்முறையீட்டிலும் மறுத்தால் நான் போயிருக்கும் வழியைச் சொல்கிறேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், அவர்கள் கம்பெனிக்கு நேராக அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொலைத்தொடர்புப் புகார் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2009இல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து அப்படிச் சொல்வார்கள், 2022இல் உச்ச நீதிமன்றம் வரலாம் என்று தெளிவாக்கிவிட்டது. ட்ராய்க்கே நேராக எழுதுவதும் வீண் வேலை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை.

உங்களிடம் எழுத்து எதுவும் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்றை உண்டாக்குங்கள். விற்றவர் எண்ணுக்கு, "நீங்கள் ஒரு வருடத்துக்கு இந்த விலை என்று சொன்னீர்கள், பில் இப்படி வருகிறது, என்ன செய்யலாம்?" என்று மரியாதையாக வாட்ஸ்அப் அனுப்புங்கள். பெரும்பாலும் "பேசிச் சரி பண்ணுறேன்" என்று ஏதாவது பதில் வரும், சொல்லவே இல்லை என்று யாரும் சட்டென்று எழுத மாட்டார்கள். அதே தெருவில் அதே ஆளிடம் வாங்கியவர்களையும் விசாரியுங்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு இதே விலை சொல்லியிருந்தார், அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதங்களையும் மேல்முறையீட்டில் வைத்தேன்.

உங்களுக்கு ஏற்கெனவே மறுப்புப் பதில் வந்துவிட்டது என்றால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், அதுவும் புகாரைத் தீர்க்க அவர்களுக்கு விதி கொடுத்த கெடு முடிந்த நாளிலிருந்து எண்ணப்படும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.