பேஸ்பாலில் பந்தை நன்றாக அடிக்கக் கற்றுக்கொள்வது எப்படி? கையில் பலம் போதவில்லையா?

முழு வேகத்தில் பேட்டைச் சுழற்றியும் பந்து தரையில் உருண்டு பக்கத்திலேயே நின்றுவிடுகிறது, இன்னும் உடற்பயிற்சி செய்து பலத்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சி செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் குறை பலத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. தாமதமாகத் தொடங்குகிறவர்தான் அவசரப்படுவார்.

கணக்கைப் பாருங்கள். பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் இடத்துக்கும், அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தரைத் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து ஏறத்தாழ 0.4 வினாடியில் உங்களிடம் வந்துவிடும். அதில் பேட்டைச் சுழற்ற மட்டும் 0.15 வினாடி அளவுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் கால் வினாடியில் பந்தைப் பார்த்து, எங்கே வரும் என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். பந்தும் உருண்டை, பேட்டும் உருண்டை. பேட் பந்தின் நடுவுக்குச் சற்று மேலே பட்டால் பந்து தரையில் உருளும், சற்று கீழே பட்டால் வானத்துக்கு எழும்பி எதிரணியினர் கையில் விழும்.

நான் ஆடத் தொடங்கிய முதல் ஆண்டு முழுவதும் உங்களைப் போலத்தான் அடித்தேன். ஒருநாள் பயிற்சியாளர் என்னை நிறுத்தி, “தம்பி, நீ பந்தை அடிக்கவில்லை. போகிற பந்தைத் துரத்துகிறாய்” என்றார். அதன் பிறகு இரண்டு வாரம் என்னை அடிக்கவே விடவில்லை. எதிரே பிட்சர் எறிய, நான் பேட்டுடன் நின்று காலை மட்டும் எடுத்து வைக்க வேண்டும், பந்தைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் அடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று இன்றும் நம்புகிறேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பிட்சர் தன் முன்காலைத் தூக்கும்போது உங்கள் எடை மெதுவாகப் பின்காலுக்குப் போகட்டும். கையும் பேட்டும் சற்றுப் பின்னால் நகரட்டும். அவர் பந்தை விடும் நேரத்தில் உங்கள் முன்கால் ஒரு சிறிய அடி எடுத்து, தூங்கும் குழந்தையைக் கடந்து போவதுபோல ஓசையில்லாமல் தரையைத் தொட வேண்டும். அடி நீளமானால் தலை கீழே இறங்கிவிடும், பந்து இருக்கும் உயரமே கண்ணுக்குப் பொய்யாகிவிடும். கால் ஊன்றிய பிறகு முதலில் இடுப்பு திரும்பும், அடுத்து மார்பு, கடைசியாகக் கை. இந்த வரிசையில்தான் வேகம் பிறக்கிறது. கை முந்திக்கொண்டால் காலிலும் இடுப்பிலும் இருக்கும் பலம் பந்துக்குப் போய்ச் சேராது.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட் உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் இருக்கட்டும், கதவைத் தட்டும் மொளிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரட்டும். இறுக்க வேண்டாம். இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது.

இனி டீ. பந்தை வைத்து அடிக்கும் அந்த ரப்பர் கம்பத்தைச் சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்காதீர்கள். முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலரும் அதில்தான் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் டோனி க்வின் 20 பருவங்கள் ஆடி 3,141 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தை, அடைவது) அடித்தவர். அத்தனை ஆண்டுகளில் 434 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அடிக்கத் தகுந்த பந்தை விட்டாலோ, சுழற்றித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூன்று விழுந்தால் ஸ்ட்ரைக் அவுட். டீயில் அவர் உழைத்த உழைப்பு ஊரறிந்தது. டீயின் சிறப்பு என்னவென்றால் அது பொய் சொல்லாது. அடித்த பந்து போகும் விதமே உங்கள் தவறைச் சொல்லிவிடும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து திரும்பத் திரும்ப இடப்பக்கத் தரையில் உருண்டால், மணிக்கட்டை முன்கூட்டியே புரட்டுகிறார் என்று அர்த்தம். பேட் பந்தில் படாமல் கம்பத்தில் பட்டு ‘தொப்’ என்றால் பின்தோள் தாழ்ந்துவிட்டது. பேட்டின் நுனியிலிருந்து ஐந்தாறு அங்குலம் உள்ளே சரியாகப் பட்டால் கையில் எதுவுமே தெரியாது. அதிர்வு இல்லை, எரிச்சல் இல்லை, பந்து போய்விட்டது என்பது மட்டும் தெரியும். அதை ஒருமுறை உணர்ந்தால் பிறகு கையே அதைத் தேடும்.

டீயை ஒரே இடத்தில் வைத்து அடிக்காதீர்கள். உடலுக்கு அருகே வரும் பந்தைப் பிளேட்டுக்கு நன்றாக முன்னாலேயே சந்திக்க வேண்டும், விலகி வரும் பந்தைச் சற்றுப் பின்னால் வரவிட்டு எதிர்ப்பக்கம் (வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம்) அனுப்ப வேண்டும். எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில் சந்திக்க முயல்வதே உங்கள் உருளும் பந்துகளில் பாதிக்குக் காரணமாக இருக்கலாம்.

மேலிருந்து கீழே வெட்டி அடி என்ற பழைய அறிவுரையை நான் ஏற்பதில்லை. பிட்சர் 10 அங்குல மேட்டில் நின்று எறிகிறார், பந்து இறங்கிக்கொண்டேதான் வருகிறது. பேட் மிகச் சிறிதளவு ஏறுமுகமாகப் போனால் இரண்டு பாதைகளும் அதிக நேரம் ஒன்றாக இருக்கும், கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் பந்து கிடைக்கும். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடாது, பந்து தரையில் பட்டு எழுவதற்குக் காத்திருந்து பழகிய கண் அவர்களுடையது.

அடுத்தது, எந்தப் பந்தை விடுவது என்பது. இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 சராசரி எடுத்தார், அதாவது பத்து வாய்ப்புக்கு நான்கு ஹிட். அதே பருவத்தில் 147 முறை, அடிக்கத் தகாத நான்கு பந்துகளை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு வசதியான உயரம் எது, எந்தப் பக்கம் என்பதை டீயிலேயே கண்டுபிடியுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை அந்தப் பந்துக்காகக் காத்திருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: பந்து உடம்பில் பட்டுவிடும் என்ற பயம் உண்டா? இருந்தால் வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் இருந்ததுதான். ஹெல்மெட் அணிந்து, நண்பர் ஒருவரை டென்னிஸ் பந்தை உங்கள் மீதே எறியச் சொல்லுங்கள். பின்னால் சாயாமல், முன்தோளை உள்ளே திருப்பி முதுகைக் காட்டிக் குனியப் பழகுங்கள். ஒதுங்கும் வழி உடலுக்குத் தெரிந்துவிட்டால் முன்கால் வெளியே விலகி ஓடாது. நாளை டீ பயிற்சிக்கு முன்பாகப் பத்து நிமிடம் இதைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.