குளிர்ப் பகுதியில் வேரிகேட்டட் (இலையில் பச்சையோடு வெள்ளையோ மஞ்சளோ கலந்த) பூச்செடிகளை வளர்க்க முடியுமா? என் செடியில் பச்சைக் கிளையாக வருகிறதே, ஏன்?

தாராளமாக வளர்க்கலாம். "பாதி வெள்ளை இலை, குளிருக்கு நிற்காது" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். குளிரைத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டியது செடியின் இனத்தில், அப்புறம்தான் இலையின் நிறத்தில்.

என்னிடம் இருப்பது வெய்கேலா என்ற புதர்ச்செடி. நடுவில் பச்சை, ஓரமெல்லாம் வெண்ணெய் நிறம், வசந்தத்தின் கடைசியில் கொத்துக் கொத்தாக வெளிர் ரோஜா நிறப் பூ. மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும், பிறகு துளிர்த்துவிடும்.

அதில்தான் அடியிலிருந்து ஒரு பச்சைக் கிளை கிளம்பியது. செடி தன் பழைய பச்சை இயல்புக்குத் திரும்புவதுதான் இது. மற்றவற்றைவிடத் தடிமன், கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம், இலையும் பெரிது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "இது ஒன்றுதான் நல்ல கிளை, மற்றதெல்லாம் சீக்கு. உரம் வை" என்றார். அவர் கண் முன்னாலேயே அந்தக் கிளையை அடியோடு வெட்டினேன். இன்றுவரை அவருக்கு அதில் வருத்தம்தான். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அதனால் உணவு தயாரிக்காது. முழுப் பச்சைக் கிளைக்கு அந்தக் குறை இல்லை. விட்டுவைத்தால் அது வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். பாதியில் வெட்டினால் மிச்சத்திலிருந்தும் பச்சைதான் வரும், கிளம்பிய இடத்திலேயே வெட்டுங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடவும் வேண்டாம்.

"இலை நிறம் சில செடிகளில் சீக்கால்தானே வருகிறது" என்று தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அபுட்டிலான் என்ற பூச்செடியில் ஒரு வகைக்கு மஞ்சள் திட்டு வைரஸால்தான் வருகிறது என்பது எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

விதை போட்டால் இந்த நிறம் பெரும்பாலும் வராது, போத்து (கிளைத் துண்டு) வெட்டித்தான் நட வேண்டும். அதற்காக என் செடியிலிருந்து யாரோ கேட்காமல் ஒடித்துக்கொண்டு போவதா? அதுவும் மொட்டு வைக்கும் நேரத்தில்! வெய்கேலா முக்கியமாகப் போன வருடக் கிளையில்தான் பூக்கும், அப்போது ஒடித்தால் அந்தக் கிளையின் பூ போச்சு. பூத்து முடிந்த பிறகு கேட்டால் நானே வெட்டித் தருவேனே. கேட்பதற்கு என்ன கூச்சமோ! உங்கள் கவாத்தும் பூ முடிந்த கையோடு இருக்கட்டும்.

செம்பருத்திதான் வேண்டும் என்றால், நம் சாதாரணச் செம்பருத்தி உறைபனியில் போய்விடும், தொட்டியில் வைத்து உள்ளே எடுக்க வேண்டியதுதான். ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் என்ற இன்னொரு செம்பருத்தி இனம் வெளியிலேயே நிற்கும், அதிலும் வேரிகேட்டட் உண்டு. ஆனால் துளிர்க்க ரொம்பத் தாமதமாகும். செத்துவிட்டது என்று பிடுங்காமல் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அதன் வேரிகேட்டட் செடிகளில் கருஞ்சிவப்பு மொட்டு வைப்பது ஒன்று உண்டு. மொட்டு முழுதாக விரியவே விரியாது. அதன் குணமே அப்படி, நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள்.