செஸ்ல பெர்லின் டிஃபென்ஸ்ல க்வீன் மாறினா கேம் டிரா தானா?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "வெள்ளைல ரூய் லோபஸ் ஆடறேன், எதிராளி பெர்லின் போட்டு 8வது மூவ்லயே க்வீன மாத்திடறாங்க, அப்புறம் கேம் டிரா தான், வேற ஓப்பனிங் மாறணுமா?"

ரூய் லோபஸ்ங்கறது வெள்ளை ஆடற ஒரு ஓப்பனிங், பெர்லின் அதுக்கு கறுப்பு போடற ஒரு தற்காப்பு. மாற வேண்டாம்ங்க. க்வீன் போனா டிரானு நினைச்சு சும்மா காய் வெட்ட ஆரம்பிக்கிறதுதான் பிரச்சனை. 2000ல லண்டன்ல கிராம்னிக் 'பெர்லின் சுவர்'னு சொல்ற இதே தற்காப்பை வச்சு, அப்போ உலக சாம்பியனா இருந்த காஸ்பரோவை ஒரு கேம் கூட ஜெயிக்க விடாம பட்டத்தை வாங்கினதுல இருந்து எல்லாருக்கும் அந்த பயம்.

போர்ட பாருங்க. கிங் பக்கம் உங்களுக்கு 4 பான், அவருக்கு 3. க்வீன் பக்கம் அவர்கிட்ட 4 இருந்தாலும் சி லைன்ல ரெண்டு டபுளாகி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்குது. எல்லா காயும் போய் வெறும் பான் மட்டும் மிஞ்சினா பொதுவா நீங்கதான் ஜெயிப்பீங்க, அதனாலதான் கறுப்பு ரெண்டு பிஷப்பையும் விடாம வச்சிருக்கும். காய் மாத்துங்க, ஆனா எதிரெதிர் நிற பிஷப் (ஒருத்தருக்கு வெள்ளைக் கட்டத்துல, இன்னொருத்தருக்கு கறுப்புக் கட்டத்துல) மட்டும் மிஞ்சற மாதிரி மாத்திடாதீங்க, அப்போ பெரும்பாலும் நிஜமாவே டிரா தான்.

2013 சென்னை உலக சாம்பியன்ஷிப் 4வது கேம எடுத்து ஆடிப் பாருங்க, ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் கறுப்பு. 18வது மூவ்ல கார்ல்சன் பிஷப்பால ஏ2 பான எடுத்துட்டார், ஆனந்த் பி3 போட்டதும் பிஷப் மாட்டிக்கிச்சுனு தோணும், ஆனா கார்ல்சன் சி4 தள்ளி லைன திறந்ததும் அது பி1 வழியா வெளிய வந்துடுச்சு. ஆனந்துக்கு ஒரு பான் கம்மி. அதுக்காக ஆனந்த் ஒடுங்கி உக்காரல, எஃப்4, ஜி4, எஃப்5னு கிங் பக்கத்து 4க்கு 3 மெஜாரிட்டிய உருட்டிட்டே போனார், இன்னொரு பான் போனாலும் கவலைப்படாம இ பான 7வது ரேங்க் வரைக்கும் கொண்டு போயிட்டார், கார்ல்சனோட ரூக்குங்க அதையே காவல் காத்துட்டு நின்னுச்சு. 64 மூவ்ல டிரா. கடைசில கார்ல்சன்கிட்ட ரூக்கோட ஒரு பான், ஆனந்த்கிட்ட வெறும் ரூக், ஆனா கிங் அந்த பானுக்கு முன்னாடி நிக்குது. எனக்குத் தெரிஞ்சு பெர்லின் எண்ட்கேம் எவ்வளவு உயிரோட இருக்குனு காட்ட இதைவிட நல்ல டிரா இல்ல.

உங்க கேம்ல செய்ய வேண்டியது இதுதான்: எச்3 போட்டுட்டு, சரியான நேரத்துல ஜி4 வச்சு எஃப்5 குதிரைய துரத்துங்க, பிறகு எஃப் பான நகர்த்துங்க. இ5 பான அவசரப்பட்டு தள்ளாதீங்க, பின்னாடி துணை வரட்டும்.

க்வீன் மாறவே பிடிக்கலன்னா 4வது மூவ்ல கேஸ்ட்லிங்குக்கு பதிலா டி3. அதே மேட்ச்ல 6வது கேம்ல ஆனந்த் அதை ஆடித் தோத்தார்தான், ஆனா தோத்தது ரூக் எண்ட்கேம்ல, ஓப்பனிங்ல இல்ல.