செம்பிற் களிம்பும் பழைய பிக்கப்பும்: வாங்குவோர் கேள்வி–பதில்

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கிறேன். கடந்த மாதம் கண்டிப் பக்கத்தில் ஒருவரிடமிருந்து 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை வாங்கி, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு குறையும் தெரியவில்லை. வந்து இரண்டு கிழமைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகள் தொடங்கிவிட்டன. இரண்டு இரவு நிறுத்திவைத்தால் பற்றரி இறங்கிவிடுகிறது. புதிய பற்றரி போட்டும் அதே கதைதான். முகப்பு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு ஓடும்போது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கும் மெல்ல எரிகிறது. சிக்னல் போட்டால் பின் விளக்குகளும் சேர்ந்து மினுங்குகின்றன. புதிதாக வாங்கிய ரேடியோவைப் பொருத்திய கணமே அது புகைந்துவிட்டது. கராஜில் முழு வயரிங்கையும் மாற்றி, டைனமோவையும் கட் அவுட்டையும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கேட்கும் தொகை வாகனத்தின் விலையில் கால்வாசி. மாற்றத்தான் வேண்டுமா? விற்றவரிடம் ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றரும், இரண்டு வயர் பிடித்த 12 வோல்ற் பல்ப் ஒன்றும், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் உங்களிடம் இருந்தால், நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவற்றின் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் எழுதியவை ஐந்து கோளாறுகள்போலத் தோன்றினாலும், என் கணிப்பில் அவற்றுக்கு வேர் இரண்டு அல்லது மூன்றுதான்.

முதலில் ரேடியோவிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியைச் சொல்கிறது. உங்கள் பிக்கப் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதன் பற்றரியின் நேர்முனை, அதாவது பிளஸ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் மைனஸ் முனையே ஏர்த், அதாவது உடலோடு சேரும் முனை. கடையில் கிடைக்கும் ரேடியோவின் உலோகப் பெட்டியும் மைனஸ் ஏர்த்தை நம்பியே செய்யப்பட்டது. அதை நேர்முனை ஏர்த் உள்ள வண்டியில் வழக்கம்போல இணைத்தால் மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்து, புகை வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே பொனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனையிலிருந்து தடித்த வயர் உடலுக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். பிளஸ் முனை போகிறது என்றால் உங்கள் வண்டி பிறந்தபடியே இருக்கிறது, அதில் தவறில்லை. புதிய பற்றரி போட்டவர் பழக்க தோஷத்தில் முனைகளை மாற்றிவிட்டாரா என்பதையும், அதற்கு முன் எப்படி இருந்தது என்பதையும் விற்றவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டறியுங்கள். பல்புகளும் ஸ்ராட்டரும் எந்தப் பக்கம் இணைத்தாலும் இயங்கும் என்பதால் தவறு உடனே வெளியே தெரியாது. ஆனால் முனைகளை மாற்றினால் டைனமோவுக்கும் மறுபடி துருவம் ஏற்ற வேண்டும். அதன் எஃப் என்று குறித்த முனையிலிருந்து வயரைக் கழற்றி, பற்றரியின் உயிர் முனையிலிருந்து (உடலோடு சேராத முனை) வரும் வயரால் அந்த முனையை ஓரிரு கணம் தொட்டெடுப்பதே அந்த வேலை. அதைச் செய்யாத வண்டியில் டைனமோவும் பற்றரியும் எதிரெதிராக நிற்கும். டைனமோவைப் பற்றரியோடு இணைத்தும் துண்டித்தும் விடும் பெட்டியான கட் அவுட்டின் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நிறுத்திவைத்த வண்டியில் பற்றரி இறங்குவதற்கு, ஒட்டிக்கொண்ட கட் அவுட் ஒரு பழைய, நன்கறியப்பட்ட காரணம். எஞ்சின் நின்ற பிறகும் இணைப்பு விடுபடாமல் இருந்தால், பற்றரி டைனமோவின் ஊடாகத் தன்னையே வடித்துக்கொண்டிருக்கும்; தொட்டுப் பார்த்தால் டைனமோ சுடும். சோதிக்கும் முறை எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரியின் உயிர் முனையிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் இடையில் உங்கள் சோதனைப் பல்பை வையுங்கள். உங்கள் பிக்கப்பில் கணினியும் இல்லை, அலாரமும் இல்லை. ஆகையால் பல்ப் துளியும் எரியக்கூடாது. எரிந்தால் முதலில் ஏ1–ஏ2 என்று குறித்த முனைகளுக்கு இடையிலுள்ள பியூஸைக் கழற்றுங்கள். அணைந்துவிட்டால் ஹோர்ன் அல்லது உள்விளக்குப் பக்கம் கசிவு. அணையாவிட்டால் கட் அவுட்டில் டி என்று குறித்த வயரைக் கழற்றுங்கள். அப்போது அணைந்தால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டார். இச்சோதனையின்போது மறந்தும் ஸ்ராட்டரை இழுக்க வேண்டாம்.

சிக்னலோடு பின் விளக்குகள் சேர்ந்து மினுங்குவது ஏறக்குறைய எப்போதும் ஏர்த் கெட்டதன் அடையாளம். பல்பிலிருந்து திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம், பக்கத்து இழையின் ஊடாக நுழைந்து ஏதோ ஒரு வழியில் உடலுக்குப் போய்ச் சேரப் பார்க்கிறது. மொறிஸ் காரை விடப் பிக்கப்பில் இது அதிகம், ஏனெனில் காரின் உடல் ஒரே கூடு. பிக்கப்பின் சாமான் பெட்டியோ தனிச் சட்டத்தின்மேல் போல்ற்றுகளால் பூட்டப்பட்டது. அறுபது வருடத் துருவும், ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்ற்றும் அந்தப் போல்ற்றுகளுக்கு இடையில் இருக்கும்போது, பின் விளக்கின் ஏர்த் எங்கே போகும்? பின் விளக்கின் உடலிலிருந்து சட்டத்துக்கும், அங்கிருந்து பற்றரியின் ஏர்த் முனைக்கும் தனிக் கறுப்பு வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே உள்ள பின்னல் ஏர்த் பட்டி இருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பாருங்கள். எஞ்சின் றப்பர் மெத்தைகளில் அமர்ந்திருப்பதால், அந்தப் பட்டி அறுந்தால் ஸ்ராட்டருக்கான பெரும் மின்னோட்டம் சோக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளைத் தேடிப் போய் அவற்றைச் சூடாக்கிவிடும்.

கண்டியில் ஓடிய வண்டி இங்கே வந்து இரண்டு கிழமையில் ஏன் கெட்டது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கெட்டது இங்கே அல்ல. ஏற்கெனவே கெட்டிருந்ததைக் கடற்காற்று வெளிக்கொண்டுவந்தது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நிற்கும் எந்த வண்டியின் இணைப்பையும் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பிற் களிம்பு என்பது, உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு அது உவமையன்று. சித்தாந்தக் களிம்பைப் போல இது அநாதியானதும் அன்று. எமரித் தாளால் தேய்த்தால் போய்விடும். தேய்த்து இறுக்கிய பின் வாசலின் பூசிவிடுங்கள். பற்றரி முனையில் வெண்பூ பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் கழுவுங்கள். பற்றரிக்குள் ஒரு துளியும் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மங்கல் விளக்குக்கு வருவோம். விளக்கைப் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் உயிர் முனையிலும் மறு முனையை விளக்கின் பின்னால் வயர் சேரும் இடத்திலும் வையுங்கள். மீற்றர் காட்டுவது, வழியில் தொலைந்துபோகும் வோல்ற். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் சுவிட்சிலோ இணைப்பிலோ தடை இருக்கிறது. பிறகு விளக்கின் உடலுக்கும் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இடையில் இப்படியே பாருங்கள், அங்கே 0.2 வோல்றுக்கு மேல் இருக்கக்கூடாது. சிறிய அளவுதானே என்று எண்ண வேண்டாம். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் இழைப் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

அத்துடன் பல்பைக் கழற்றி அதன் வாற் அளவை வாசியுங்கள். உங்கள் காலத்து டைனமோ தரக்கூடியது ஏறக்குறைய 19 முதல் 22 அம்பியர்தான். முகப்பு விளக்கு ஒன்றுக்கு 45 வாற் என்ற பழைய கணக்கில், சின்ன விளக்குகளும் இக்னிஷனும் பெற்றோல் பம்ப்பும் சேர்ந்து 14 அம்பியர் வரும், டைனமோ தாங்கும். யாராவது ஆசைப்பட்டு 100 வாற் ஹலஜன் போட்டிருந்தால் முகப்பு விளக்குகளுக்கு மட்டுமே 17 அம்பியர். மற்றவற்றோடு 23ஐ நெருங்கும். வரவை மீறிய செலவைப் பற்றரிதான் கொடுக்க வேண்டும். சிவப்பு விளக்கு மெல்ல எரிவதும் பற்றரிக்கும் டைனமோவுக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தையே காட்டக்கூடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மங்கலாக எரிவது குறையன்று, டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் செய்வதில்லை.

பல்ப் சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிந்தால், பெல்ற் தளர்வையும் டைனமோவின் பிரஷ்களையும் பார்த்துவிட்டு டைனமோவைத் தனியே சோதியுங்கள். டி, எஃப் இரண்டு வயர்களையும் கழற்றி, டைனமோவின் அவ்விரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அங்கிருந்து உடலுக்கு மீற்றரை வைத்து எஞ்சினை மெல்ல வேகப்படுத்தினால் வோல்ற் தடுமாறாமல் ஏற வேண்டும். 14ஐக் கடந்ததும் நிறுத்திவிடுங்கள். 20க்குப் போக விடக்கூடாது. ஏறினால் டைனமோ நலம், சந்தேகம் கட் அவுட்டின்மேல். இந்தச் சோதனையைச் செய்யாமல் நானே முன்பு இரண்டு கட் அவுட் வாங்கிப் போட்டிருக்கிறேன். கடைசியில் குறை அதைப் பூட்டிய தகட்டின் ஏர்த்தில் இருந்தது.

வயரிங்கை முழுவதும் மாற்றுவதா என்பதற்கு வயரே பதில் சொல்லும். டாஷ்போர்டின் கீழும் எஞ்சின் பக்கமும் உள்ள துணிச்சுற்று வயர்களில் இரண்டொன்றை மெல்ல வளையுங்கள். உறை வெடித்து உதிர்ந்தால், கராஜ்காரர் சொல்வது நியாயம். முன்பகுதியையாவது மாற்றத்தான் வேண்டும். உதிராவிட்டால், இடையில் யாரோ ரேப் சுற்றி ஒட்டிய துண்டுகளை மட்டும் அகற்றினால் போதும். பழைய நிறங்களைக் காப்பாற்றுங்கள்: மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனோடு பியூஸ் கடந்தது, நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு ஏர்த். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரில் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்த வண்டியில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். முகப்பு விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. அவற்றுக்குத் தனிப் பியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதைப் பார்த்து இன்றைய 35 அம்பியர் பியூஸை வாங்கிப் போட்டால், காவலுக்கு வைத்தவனைத் தூங்கச் சொன்ன மாதிரி ஆகும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்குத் தன் வண்டி எரிந்தால் ஒரு சதமும் கிடைக்காது.

விற்றவரைப் பற்றி: அவர் வாகன வியாபாரி அல்லாத தனிநபர் என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை அவர்மேல் கொண்டுவருவது கடினம், அது வர்த்தகர்களுக்கானது. பார்த்து வாங்கிய பழைய பொருளின் குறை பெரும்பாலும் வாங்கியவரின் தலையில்தான் விழும். ஆனால் ‘வயரிங் முழுக்கப் புதிது’ என்று விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ எழுதியிருந்தால் நிலைமை வேறு. அந்த எழுத்தைப் பாதுகாத்து, நீங்கள் கண்ட குறைகளைப் படமெடுத்து, முதலில் அவரிடமே நியாயமான ஒரு தொகையைக் கேளுங்கள். மறுத்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அந்த நேரத்தை வண்டியில் செலவிடுவது மேல்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். மீன் ஏற்றுவதற்காகப் பழைய பிக்கப் ஒன்று வாங்க நினைக்கிறேன். மின்வேலை தெரியாத நான் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மாலை மங்கும் நேரத்தில் போங்கள், வெயிலில் எந்த விளக்கும் நன்றாகத்தான் எரியும். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதும் நல்லது. முகப்பு விளக்கு, துடைப்பான், பிறேக், சிக்னல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக நன்றாக எரிந்து, சேர்த்துப் போட்டால் மங்குபவை ஏர்த் நோயாளிகள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் இருந்தால், விலை பேசுவதற்குமுன் வயர்களை நன்றாகப் பாருங்கள். சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு பொருந்த வேண்டும். பதிவு உரிமையாளர் யாரோ, விற்பவர் யாரோ என்ற நிலையில் வெறும் கையெழுத்திட்ட தாள்களை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். மீன் ஏற்றுவதாயின், உப்புநீர் வடிந்து பின் விளக்கு வயர்களில் இறங்காதபடி பெட்டிக்கு அடித்தளம் போடும் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: புதிய பற்றரி மூன்று மாதத்தில் பழுதாகிவிட்டது. உத்தரவாதம் இருந்தும், ‘வண்டியின் சார்ஜிங்தான் பிழை’ என்று கடைக்காரர் மறுக்கிறார். பற்றுச்சீட்டும் தரவில்லை.

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எஞ்சின் வேகமாக ஓடும்போது பற்றரி முனைகளில் வோல்ற்றை அளந்து பாருங்கள். 15ஐத் தாண்டினால் பற்றரி கொதித்துத்தான் செத்திருக்கிறது, கடைமேல் குறையில்லை. 14க்கும் 14.5க்கும் இடையில் நின்றால், அந்த அளவைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வர்த்தகரின் சட்டக் கடமை. அதைக் கேட்டு வாங்கிய பின்பும் மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதன் துரித இலக்கம் 1977. முறைப்பாட்டைப் பிந்தவிட வேண்டாம்.