ஆர்செப்: ஒரே டீல், ஆளுக்கொரு பார்வை

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல மூணு.

கேள்வி (மண்ணடி, ஹார்டுவேர் கடை): சைனா, ஜப்பான் மாதிரி 15 நாடு சேர்ந்து தங்களுக்குள்ள இறக்குமதி டூட்டிய குறைச்சுக்கற ஆர்செப் (RCEP) ஒப்பந்தத்துல நாம மட்டும் ஏன் இல்ல? நஷ்டம் தானே?

2012ல பேச்சு ஆரம்பிச்சப்போ நாமளும் உள்ள தான் இருந்தோம், 2019 நவம்பர்ல பாங்காக்ல வெச்சு வேணாம்னு வெளிய வந்துட்டோம், மத்தவங்க அடுத்த வருஷம் கையெழுத்து போட்டு 2022 ஜனவரில அமலுக்கு வந்துச்சு. நமக்கு பெரிய பயம் சைனா தான். அப்பவே அவங்களுக்கு விக்கிறத விட அவங்க கிட்ட நாம வாங்குறது வருஷத்துக்கு 5,000 கோடி டாலருக்கு மேல அதிகம். அடுத்தது நியூசிலாந்து பால் பவுடர், ரெண்டு மாடு வெச்சு சொசைட்டிக்கு பால் ஊத்துறவங்க அதோட எப்படிங்க போட்டி போடுவாங்க? டூட்டி குறைஞ்சிருந்தா உங்களுக்கு கீல், தாழ்ப்பாள் எல்லாம் சல்லிசா வந்திருக்கும், அதையே அம்பத்தூர் பட்டறைல செய்யுறவருக்கு ஆர்டர் கைவிட்டு போயிருக்கும். நஷ்டமான்னு கேட்டா யாருக்குன்னு தான் நான் முதல்ல கேப்பேன்.

கேள்வி (திருவொற்றியூர், காலேஜ் ஸ்டூடண்ட்): மத்த நாடுங்க சந்தோஷமா தான் சேர்ந்தாங்களா? நாம திரும்ப சேர முடியுமா?

எல்லாரும் இல்லப்பா. பிலிப்பைன்ஸ்ல விவசாய சங்கங்க கடுமையா எதிர்த்தாங்க, அங்க செனட் ஓகே சொன்னதே 2023 பிப்ரவரில தான். ஜப்பானுக்கு சைனாவ சமாளிக்க இந்தியா உள்ள இருக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா சைனா, கொரியா ரெண்டு பேர் கூடவும் அவங்களுக்கு இதுக்கு முன்னாடி இப்படி ஒப்பந்தமே கிடையாது, அதனால நாம இல்லாட்டியும் விட மனசு வரல. வியட்நாம் மாதிரி நாட்டுக்கு, 15 நாட்டுல எங்க பார்ட்ஸ் வாங்கி பூட்டினாலும் டூட்டி சலுகைக்கு ஒரே ரூல்ங்கறது பெரிய விஷயம். இத "சைனா டீல்"னு நம்மூர்ல சொல்றாங்க, ஆனா ஆரம்பிச்சு நடத்துனது ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசிய நாடுங்க கூட்டமைப்பு, அவங்க அந்த தலைமைய விட்டுக்குடுக்கவே மாட்டாங்க.

நாம சேரலாம். மத்த நாடுன்னா அமலுக்கு வந்து 18 மாசம், அதாவது 2023 நடு வரைக்கும், காத்திருக்கணும்னு ரூல் இருந்துச்சு, இந்தியாவுக்கு மட்டும் அது இல்ல.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, இம்போர்ட்டர்): மலேசியா சரக்குக்கு, அங்க செஞ்சது தான்னு சர்டிபிகேட் குடுத்தும் கஸ்டம்ஸ்ல ஏன் இவ்ளோ நோண்டுறாங்க?

இது ஆர்செப் இல்ல சார், 2010ல அமலுக்கு வந்த ஆசியான்-இந்தியா ஒப்பந்தம். இதுல டூட்டி சலுகை வேணும்னா, பொதுவா சரக்கோட மதிப்புல 35%ஆவது ஒப்பந்த நாடுங்களுக்குள்ள சேர்ந்திருக்கணும். 2020 செப்டம்பர்ல, சரக்கு நெசமாவே எந்த நாட்டுதுன்னு சரிபாக்கற காரோட்டார் (CAROTAR) கஸ்டம்ஸ் ரூல்ஸ் வந்ததுல இருந்து சர்டிபிகேட்ட மட்டும் நீட்டுனா போதாது, சரக்கு அங்க எப்படி உருவாச்சுன்னு விவரம் உங்க கைல இருக்கணும், பேப்பர அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும். அங்க இருக்கற சப்ளையர் இத தொல்லையா தான் பாக்குறாரு, நம்ம டிபார்ட்மென்டுக்கு சைனா சரக்கு மலேசியா வழியா சுத்தி வருதோன்னு சந்தேகம், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நீங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே காஸ்ட் பிரேக்-அப் கேட்டு வாங்கிடுங்க, தர மாட்டேன்னு சொன்னா அந்த சரக்குக்கு முழு டூட்டின்னு வெச்சே விலை பேசுங்க.